பன்னிரண்டாவது கை

குமாஸ்தா மன்றக் கூட்ட அறிக்கையின் நான்காம் பொருளை வாசித்துக்கொண்டிருந்தபோதே செண்பகவல்லிக்கு அடிவயிற்றில் சுருக்கென்றது. வந்துவிட்டதா, இன்னும் பதினேழாவது பொருள் வரைக்கும் உட்கார்ந்தாக வேண்டுமே என்று நினைத்தாள். காலையிலிருந்து ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கவில்லை. கூட்டம் உள்ள நாளில் குடிப்பதில்லை. அவள் மட்டும் இல்லை, இந்த மன்றத்தில் உள்ள பெண் உறுப்பினர்கள் ஒருத்திகூடக் குடிப்பதில்லை. யாரும் யாரிடமும் சொல்லிவைத்துக்கொண்டதல்ல, அவரவராகக் கண்டுபிடித்தது. வேலாங்குளம் நகராட்சி அலுவலகத்தில் பெண்கள் கழிப்பறை என்று பலகை தொங்கும் கதவுக்குப் பின்னால் பிளீச்சிங் பவுடர் மூட்டைகளும் போன பொங்கலுக்கு அடித்த ஃபிளெக்ஸ் பேனர்களும் குடியிருக்கின்றன. சாவி எங்கே என்று கேட்டால் ஸ்டோரில் என்பார்கள், ஸ்டோரில் கேட்டால் பியூனிடம் என்பார்கள், பியூனிடம் கேட்டால் அவன் ஒரு மாதிரிச் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்குப் பிறகு எந்தப் பொம்பளை இரண்டாவது தடவை கேட்பாள்? ஊருக்கெல்லாம் கக்கூஸ் கட்டிக் கொடுக்கிற ஆபீஸ், தூ. தண்ணீர் குடிக்காததால்தான் இந்த எரிச்சல் என்று டாக்டரம்மா சொன்னாள், நிறையக் குடியுங்கள் என்றாள், சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள், குடித்துவிட்டு எங்கே போய் ஒன்றுக்கு இருப்பது என்று கேட்கவில்லை. இதையெல்லாமா டாக்டரிடம் கேட்பது. ஐந்தாம் பொருளில் வடை வந்தது. பருப்பு வடை, நேற்றைய எண்ணெய், மூக்குக்கே தெரிந்தது. ஆளுக்கு இரண்டு என்று தட்டில் வைத்துக்கொண்டே போனான் பியூன், ஆண்கள் கூட்ட அறிக்கையைக் கிழித்து அதிலேயே வடையைப் பிழிந்தார்கள், குடிநீர் குழாய் பதிப்பு என்று அச்சடித்த வரியில் எண்ணெய் ஊறிக் கண்ணாடி போல மறுபக்கம் தெரிந்தது. அவள் புடவைத் தலைப்பை மூக்கின் மேல் போட்டுக்கொண்டாள். பக்கத்து இருக்கை பிரேமா, ஒன்பதாவது வார்டு, இரண்டு வடையையும் கைக்குட்டையில் சுருட்டிப் பைக்குள் போட்டாள். வீட்டுக்குக் கொண்டுபோனால் பிள்ளைகள் தின்னும், இங்கே தின்றால் விக்கும், விக்கினால் தண்ணீர் குடிக்க வேண்டும்.

"மன்றத்தின் அனுமதிக்கும் முடிவிற்கும்" என்று ஒவ்வொரு பொருளையும் குமாஸ்தா ஒரே ராகத்தில் இழுத்து முடிப்பார். முடிக்கும் முன்னாலேயே தலைவர் தங்கப்பழம் "ஆல் பாஸ்" என்பார். சாக்கடைக்கு ஆல் பாஸ், தெருவிளக்குக்கு ஆல் பாஸ், பிணம் ஏற்றுகிற வண்டிக்கு டயர் மாற்ற ஆல் பாஸ். சொல்லிவிட்டு அறிக்கைத் தாளின் மூலையை மடித்துக் கூர் பார்த்துப் பல்லிடுக்கில் விட்டுக் குடைவார். குடைந்ததைப் பார்ப்பார். பார்க்காதே, பார்க்காதே என்று அவள் கண்ணுக்குச் சொல்வாள், கண் அங்கேதான் போகும். பதினேழாவது பொருள்தான் இன்றைக்குப் பொருள். வீட்டு வரியோடு சேர்த்து வாங்குகிற கல்விக் கூடுதல் வரி, ஐந்து வருஷத்துக்கு என்று போட்டது, இந்த மார்ச்சோடு முடிகிறது. நீட்டித்தால் நகராட்சிப் பள்ளிக்கூடங்கள் இப்போது ஓடுகிற மாதிரியாவது ஓடும். நீட்டிக்காவிட்டால் ஜூனில் கதவு திறக்கும்போது கக்கூஸ் கழுவ ஆள் இருக்காது, மோட்டாருக்குக் கரண்டு இருக்காது, கூடுதலாகப் போட்ட டீச்சர்மார் இருக்கமாட்டார்கள். வீடு வைத்திருக்கிறவனுக்குக் குடும்பத்தோடு ஒரு வேளை ஓட்டலில் சாப்பிடுகிற காசு மிச்சம். அவ்வளவுதான் வழக்கு. வரித் தீர்மானத்துக்கு மட்டும் இந்த ஊரில் ஆல் பாஸ் செல்லாது, பழைய விதி ஒன்று இருக்கிறது, இருபத்து மூன்று உறுப்பினர்களில் பன்னிரண்டு கை மேலே தெரிய வேண்டும். தங்கப்பழத்தின் பக்கம் பதினொன்று. எதிர்ப்பக்கம் பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டில் ஒன்று செண்பகவல்லி. எதிர்ப்பக்கத்துப் பன்னிரண்டு பேரும் உட்கார்ந்த இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாலே வரி செத்துவிடும். ஆனால் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவும் ஒரு நெஞ்சு வேண்டுமே, அது எவனிடம் இருக்கிறது? நேற்றுச் சாயங்காலம் அவள் வீட்டுக் கூடத்தில்தான் எல்லாரும் கூடினார்கள். அவர்களுக்குத் தலைவன் மாதிரி இருக்கிற கொம்பையா, லாரி ஆபீஸ் கொம்பையா, பிளாஸ்டிக் நாற்காலி முனக உட்கார்ந்துகொண்டு யோசனை சொன்னான்.

"சும்மா உக்காந்திருந்தாலும் பேப்பர்காரன் பேரு போட்டு எழுதுவான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைய வயித்துல அடிச்சாம்னு எழுதுவானா மாட்டானா? அதனால நாம அதுல இருக்கவே வேண்டாம். அதுக்கு முந்தின பொருளு தெருநாயி. நாயிக்காவ வெளிநடப்புச் செய்வோம். நாம வெளியில போயிட்டா அவனுக்குப் பன்னெண்டாவது கை எங்கருந்து வரும்? வரி தானாச் சாவும். பழி நாயி மேல போயிரும்."

எல்லாரும் சிரித்தார்கள். நல்ல மூளை அண்ணாச்சி என்றார்கள். அவள் டீ கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் போன பிறகு டம்ளர்களை எடுத்தபோது ஒரு டம்ளரின் அடியில் பாக்கு எச்சில், ஒன்றில் பீடித் துண்டு, அவள் வீட்டு டம்ளரில், அவள் பிள்ளை பால் குடிக்கிற டம்ளரில். மூன்று தடவை புளி போட்டுத் தேய்த்தாள். இன்றைக்குக் காலையில் பிள்ளைக்கு வேறு டம்ளரில்தான் பால் கொடுத்தாள். அந்தப் பிள்ளையும் மஞ்சள் வேனில் ஏறித் தனியார் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறான், அதை மறைப்பானேன். இந்த மன்றத்தில் இருபத்து மூன்று பேர் பிள்ளைகளும் வேனில் ஏறிப் போகிறவைதான். நகராட்சிப் பள்ளிக்கூடத்துக்கு வரி வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய உட்கார்ந்திருப்பவர்கள் அத்தனை பேரும் அந்தக் கேட்டுக்குள் கொடியேற்ற மட்டும் நுழைந்தவர்கள்.

முதுகுக்குப் பின்னால் இருமல் கேட்டது. திரும்ப வேண்டியதில்லை. பலவேசம். அவள் புருஷன். கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பொதுமக்கள் உட்கார ஒரு நீள பெஞ்சு, ஆனால் பொதுமக்களில் எவனும் அதில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை, பெண் உறுப்பினர்களின் புருஷன்மார்தான் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குப் பேரும் கிடையாது, வார்டு நம்பர்தான் பேர். "ஏ பதினொண்ணு, தள்ளி உக்காரும்", "ஒம்பது இன்னும் வரலயா?" என்று ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டுக்கொள்வார்கள். பதினொன்று என்றால் பலவேசம். செண்பகவல்லி என்றால் யார் என்று இந்த ஆபீசில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஜெயித்த அன்றைக்குக் கட்சிக்காரர்கள் மாலையைக் கொண்டுவந்து நேராக அவர் கழுத்தில் போட்டார்கள், பதினோராவது வார்டு கவுன்சிலர் வாழ்க என்று அவரைத் தூக்கினார்கள், கையில் ஜெயித்த சான்றிதழை வைத்துக்கொண்டு அவள் ஆட்டோவுக்குப் பக்கத்தில் நின்றாள், யாரோ ஒருத்தன் "ஓரமா நில்லுங்கம்மா, அண்ணாச்சிய எறக்கணும்" என்றான். நின்றாள். ஓரமாக நிற்பதற்கு என்ன, நின்றால் போச்சு. அதற்கப்புறம் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அவர் சுண்டுவிரலை வைத்துக் காட்டுவார், அந்தச் சுண்டுவிரலில் மட்டும் நகம் வளர்த்திருக்கிறார், காது குடைய, அந்த நகத்துக்குக் கீழே அவள் தன் பேரை எழுத வேண்டும். எத்தனை தடவை எழுதியிருப்பாள். எழுதும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். நீ சும்மா உக்காரு, மத்தத நான் பாத்துக்கிடுதேன் என்பார். நல்லவர்தான் என்று அவள் அம்மா இன்றைக்கும் சொல்கிறாள், குடியில்லை, கை நீட்ட மாட்டார். ஆமாம், கை நீட்ட மாட்டார். கோபம் வந்தால் பேசமாட்டார், அவ்வளவுதான், ஒரு மாதம் இரண்டு மாதம், சோற்றுத் தட்டை எதிரில் வைத்தால் அவளைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துக் காறுவார். துப்ப மாட்டார். காறுவார். அடித்தால்கூடப் போலீஸ் ஸ்டேஷனில் போய்ச் சொல்லலாம், காறினார் என்று எங்கே போய்ச் சொல்வது?

ஒன்பதாம் பொருள் ஆல் பாஸ். பத்து ஆல் பாஸ். சுருக்கு இப்போது கம்பி மாதிரி நீளமாக இழுத்தது, அவள் தொடைகளை ஒட்டிக்கொண்டாள், ரெக்சின் இருக்கையில் வியர்வை ஒட்டிப் பிசுபிசுத்தது, மேலே மின்விசிறி சுற்றுவதாகப் பேர். கடைசியாக நிம்மதியாக எங்கே இருந்தோம் என்று யோசித்தாள், சிரிப்பு வந்தது, பள்ளிக்கூடத்தில். தன் வார்டு நகராட்சி நடுநிலைப் பள்ளியில். ஜனவரியில் கொடியேற்றப் போனபோது கயிற்றைப் பலவேசம் பிடித்துக்கொண்டார், போட்டோக்காரனுக்கு அவர் முகம்தான் தெரிந்தது, அவள் மெதுவாகக் கட்டடத்துக்குப் பின்பக்கம் நழுவினாள், அப்போதும் இதே அவசரம்தான். கழிப்பறை வாசலில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று நின்றது, ரிப்பனை வாயில் கடித்துக்கொண்டு தலை பின்னிக்கொண்டிருந்தது. "உள்ள தண்ணி வருதுக்கா, பயப்படாமப் போங்க" என்றது. கவுன்சிலரம்மா என்று அதற்குத் தெரியவில்லை, தெரிந்திருந்தால் அக்கா என்று சொல்லியிருக்காது. உள்ளே தரை ஈரமில்லாமல் இருந்தது. கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது. குழாயைத் திருகினால் தண்ணீர் வந்தது. செண்பகவல்லி அங்கே உட்கார்ந்து சத்தம் வராமல் அழுதாள், எதற்கென்று அவளுக்கே தெரியாது, தாழ்ப்பாளைப் பார்த்துத்தான் அழுதாள் என்று சொன்னால் யாராவது நம்புவார்களா. வெளியே வந்தபோது தலைமை ஆசிரியை ஜெபகனி டீச்சர் நின்றிருந்தார். "இந்த வரி வந்த பெறகுதாம்மா இது" என்றார். "முந்தி பொம்பளப் பிள்ளைக காலையில இருந்து வீட்டுக்குப் போற வரைக்கும் தண்ணி குடிக்காதுக. பாதிப் பேருக்கு நீர்க்கடுப்பு. வயசுக்கு வந்தா நின்னுரும், அடுத்து கல்யாணப் பத்திரிகைதான் வரும். இப்பம் ஒண்ணும் நிக்கல. பேச்சியம்மா நாளுக்கு ரெண்டு வாட்டி கழுவுதா. வரிய நீட்டிக்கச் சொல்லுங்கம்மா, ஒங்களத்தான் நம்பியிருக்கேன்." சொல்லுதேன் டீச்சர் என்றாள். சொல்கிற இடத்தில் இருக்கிறவள் மாதிரி. தலையை நிமிர்த்தியபோது தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. தொட்டிக்கு மூடி வாங்கியதாகப் போன வருஷம் ஆல் பாஸ் ஆனது அவளுக்கு ஞாபகம் இருந்தது. மூடி இல்லை. ஒரு ஃபிளெக்ஸைப் போட்டுக் கயிற்றால் கட்டியிருந்தது, ஃபிளெக்ஸில் தங்கப்பழம் இரண்டு கையையும் கூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதுதான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. வரியை நீட்டிக்க வேண்டும் என்று தங்கப்பழம் துடிப்பது பிள்ளைகளுக்காகவா? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. அவர் மச்சினன்தான் பள்ளிக்கூடத்து வேலை எல்லாவற்றுக்கும் காண்டிராக்டர், ஆறு குழாய்க்குப் பில், இரண்டு குழாய்தான் இருக்கிறது, பெஞ்சுக்கு வார்னிஷ் அடித்ததாகப் பில், பெஞ்சே இல்லை. பிச்சை எடுத்தாராம் பெருமாள், அதைப் பிடுங்கினாராம் அனுமார். வரி பாதி அந்த வாய்க்குள் போகிறது, இப்போது தாளின் மூலையால் குடைகிற அதே வாய். வரி வேண்டாம் என்கிற இந்தப் பக்கமோ, இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை, பலவேசம் கட்டி வாடகைக்கு விட்ட நாலு லைன் வீடும் நகராட்சியின் கணக்கில் மாட்டுத்தொழுவம். மாட்டுத்தொழுவத்துக்கு உண்டான வரியைக்கூடக் கொடுக்க மனசில்லாமல்தான் இவர் வரியைக் கொல்லக் கிளம்பியிருக்கிறார், வாடகைக்கு இருக்கிறவன் பிள்ளை அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறது. அந்த வாடகையில்தான் அவள் கழுத்துச் சங்கிலி. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? ஒருத்தன் தொட்டி மூடியைத் தின்கிறான், இன்னொருத்தன் தொட்டியையே வேண்டாம் என்கிறான். ஆனால் தண்ணீர் வருகிறதே, என்று அவள் மனசு திரும்பத் திரும்ப அங்கேயே போய் முட்டியது. திருடித் தின்ற பிறகும் தண்ணீர் வருகிறதே. திருடன் கையில்தானே அந்தத் தாழ்ப்பாள் இருக்கிறது. சீ, இப்படியா யோசிப்பது, திருடனுக்கு வக்காலத்தா. இல்லை, பிள்ளைகளுக்கு. பிள்ளைகளுக்கு என்றால் திருடனுக்கும்தான், இரண்டையும் பிரித்து எடுக்க முடியவில்லை, முடியில் ஒட்டிக்கொண்ட சூயிங்கம்மைப் பிரிக்கிற மாதிரி. போகட்டும், நமக்கென்ன, பதினாறாவது பொருள் வரும், எல்லாரும் எழுவார்கள், கூட எழுந்து போய்விடலாம், வீட்டுக்குப் போனதும் முதலில் கழிப்பறை, பிறகு ஒரு செம்புத் தண்ணீர்.

பதினாறாவது பொருள் வந்தது. நாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்வது குறித்து என்று குமாஸ்தா ஆரம்பித்ததுதான் தாமதம், கொம்பையா எழுந்து அறிக்கையைக் குறுக்கே கிழித்தான். வடை பிழிந்த தாள், சரியாகக் கிழியாமல் வழுக்கியது, இரண்டாவது தடவை பல்லைக் கடித்துக் கிழித்தான். "வேலாங்குளத்துல மனுசன் நடமாட முடியல! நாயிக்குப் பயந்து தாய்மார்க வீட்டுக்குள்ளயே கெடக்காங்க! கையாலாகாத இந்த நிர்வாகத்தைக் கண்டிச்சு வெளிநடப்புச் செய்யுதோம்!" நாற்காலிகள் சரசரத்தன. மாலைப் பத்திரிகைக்காரப் பையன் முன்னாலேயே வாசலில் போய்க் குனிந்து நின்றுகொண்டான், அவனுக்கும் சொல்லிவைத்திருக்கிறார்கள். பிரேமா பையை எடுத்துக்கொண்டு தோளைத் தொட்டாள். "அக்கா, எந்திரிங்க."

"நீ போ, வாரேன்" என்றாள் செண்பகவல்லி. உண்மையிலேயே வருவதாகத்தான் சொன்னாள். எழலாம் என்று இருக்கையின் கையைப் பிடித்தபோது அடிவயிற்றில் அந்தக் கம்பி கொக்கியாக வளைந்து இழுத்தது, இப்போது எழுந்தால் புடவையை நனைத்துவிடுவோம் என்ற பயத்தில் அப்படியே மூச்சை அடக்கி உட்கார்ந்துவிட்டாள். இந்த ஆண்கள் எல்லார் முன்னாலும், போட்டோக்காரன் முன்னாலும். ஒரு நிமிஷம், இது அடங்கட்டும், எழுந்துவிடலாம். கண்ணை மூடிக்கொண்டாள். செருப்புச் சத்தம், கோஷம், பின்னால் பெஞ்சிலிருந்தும் புருஷன்மார் எழுந்து போகிற சத்தம், கம்பித் தடுப்பில் யாரோ இடித்துக்கொண்டு கெட்ட வார்த்தை சொல்கிற சத்தம். கண்ணைத் திறந்தபோது அவளைச் சுற்றி வெறும் நாற்காலிகள். அவற்றின் மேல் கிழித்த தாளும் வடைத் துணுக்கும். வலி கொஞ்சம் அடங்கியிருந்தது. எழலாம். எழுந்து போகலாம். யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்று வாசலைப் பார்த்தாள். யாரும் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே எதிரில் டீக்கடையில் கொம்பையாவின் குரல், "பன்னெண்டு டீ போடும்வே, ஒண்ணு சீனி இல்லாம" என்றது. பன்னிரண்டு. அவளுக்குப் புரிய ஒரு வினாடி ஆயிற்று, புரிந்ததும் சிரிப்பு வந்தது. பன்னிரண்டு உறுப்பினர்கள் வெளியே வர வேண்டும், பன்னிரண்டு பேர் நிற்கிறார்களா என்று கொம்பையா எண்ணியிருப்பான், ஒன்பது வந்தாச்சா, வந்தாச்சு, பதினொன்று வந்தாச்சா, அதோ பலவேசம் நிற்கிறாரே, வந்தாச்சு. கணக்குச் சரி. அவள் வரவில்லை என்பது ஒருத்தனுக்கும் தோன்றாது. பலவேசத்துக்கே தோன்றாது, அதுதான் விசேஷம். அவர் அங்கே நிற்கிறார், ஆகவே பதினோராவது வார்டு அங்கே நிற்கிறது. சீனி இல்லாத டீ அவருடையதுதான்.

"பொருள் எண் பதினேழு" என்றார் குமாஸ்தா. எதிர்ப்பக்கத்தில் காலி நாற்காலிகள், அவர் குரலில் சுருதியே இல்லை, இது எப்படியும் தோற்கப் போகிறது, வாசித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்ற குரல். கல்விக் கூடுதல் வரியினை மேலும் ஐந்தாண்டுகளுக்கு நீட்டிப்பது குறித்து, நகராட்சிப் பள்ளிகளின் பராமரிப்பு, துப்புரவுப் பணியாளர் ஊதியம், மன்றத்தின் அனுமதிக்கும் முடிவிற்கும். தங்கப்பழம் ஆல் பாஸ் சொல்லவில்லை. பல் குடைவதை நிறுத்திவிட்டு வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் அவள் மேல் வந்து நின்றார். இவள் ஏன் இங்கே இருக்கிறாள் என்று பார்த்தார். வாசலைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வருவதை அவள் கண்ணாலேயே பார்த்தாள், மீன் வாசனை பிடித்த பூனைக்கு வருகிற வெளிச்சம். பியூனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார், அவன் போய் வாசல் கதவை ஓசையில்லாமல் சாத்தினான். "ஆதரிக்கிறவங்க கை தூக்கலாம்" என்றார் மேடையில் தலைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நகராட்சி ஆணையர். பதினொரு கை மேலே போயிற்று. தங்கப்பழத்தின் கை எல்லாவற்றுக்கும் மேலே, நாலு மோதிரம், வடை எண்ணெய் மணிக்கட்டு வரை மினுங்கியது.

"அக்கா?" என்றார் தங்கப்பழம். இத்தனை மாதத்தில் அவளைக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. வாயில் தேன் ஒழுகியது. "நீங்க என்னக்கா சொல்லுதிய?"

எழுந்து போய்விடு என்றது ஒரு மனசு, கதவைச் சாத்தினால் என்ன, தட்டினால் திறப்பான், திருடனுக்குக் கை தூக்க நீயா கிடைத்தாய். போனால் என்ன ஆகும், ஒன்றும் ஆகாது, வீட்டில் தட்டை வைத்தால் அவர் சாப்பிடுவார், காறமாட்டார், ராத்திரி டீவி பார்ப்பார். ஜூனில் ஜெபகனி டீச்சர் வந்து நிற்பார், சாமான் வாங்கக் கடைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லச் சொல்லி உள்ளே உட்கார்ந்துகொள்ளலாம். அந்தப் பிள்ளை ரிப்பனைக் கடித்துக்கொண்டு நிற்கும், தண்ணி வரலக்கா, போவாதீங்க என்று சொல்லும். அதுவும் வாயைக் கட்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் வாயைக் கட்டி, காலை ஒட்டிக்கொண்டு, கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு, இந்தக் கம்பி அதன் வயிற்றிலும் வளையும். இங்கே இவ்வளவு பெரிய ஆபீசில் இத்தனை பெண்கள் உட்கார்ந்துகொண்டு நமக்கே ஒரு சாவி கேட்டு வாங்க வக்கில்லை, அந்தப் பிள்ளைக்கு இருக்கிற ஒரு தாழ்ப்பாளையுமா பிடுங்குவது? மேலே நிற்கிற பதினொரு கையையும் பார்த்தாள். ஒரு கையையாவது தொடப் பிடிக்குமா? எல்லாம் எண்ணெய்க் கை. இதற்குப் பக்கத்தில் என் கையா? என்ற அருவருப்பு நிஜமாகவே தோளைப் பிடித்து அழுத்தியது. ஆனால் கழிப்பறை கழுவுகிற பேச்சியம்மா கையை எங்கே வைக்கிறாள் என்று நினைத்தாள். நினைத்ததும் கை எழும்பியது. அவள் தூக்கினாள் என்று சொல்வதா, அது போயிற்று என்று சொல்வதா, கண்ணாடி வளையல்கள் முழங்கைப் பக்கம் சரிந்து கிலுங்கின, அந்தச் சத்தத்தில்தான் குமாஸ்தா நிமிர்ந்தார்.

"பன்னெண்டு" என்றார் குமாஸ்தா. அவருக்கே ஆச்சரியம். "அம்மா, ஒங்க பேரு?"

"செண்பகவல்லி" என்றாள். இரண்டாவது தடவையும் சொன்னாள், அவர் எழுதி முடிக்கிற வரை. பயம்தான், வீட்டை நினைத்த பயம், ஆனாலும் பயத்துக்குள்ளே எங்கேயோ ஒரு மூலையில் நல்லாயிருந்தது, வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை தன் கை தன் தோளில் இருந்தது. அந்த நல்லது ஒரு ஐந்து நிமிஷம் நீடித்திருக்குமா? கூட்டம் முடிந்ததென்று ஆணையர் எழுந்ததும் தங்கப்பழம் மேடையிலிருந்து இறங்கி வந்து பக்கத்து நாற்காலியில், பிரேமாவின் நாற்காலியில், உட்கார்ந்தார். சோம்பு வாசனையும் வடை வாசனையும் அவள் மேல் வந்து விழுந்தது.

"பெரிய உதவிக்கா. மறக்க மாட்டேன். ஒங்க பள்ளிக்கூடத்துல மராமத்து ஒண்ணு வருது. அது அண்ணாச்சிக்குத்தான். அவரு மச்சான் பேருல எடுத்துக்கிடச் சொல்லுங்க."

"எங்களுக்கு வேண்டாம்" என்றாள்.

தங்கப்பழம் அவளையே பார்த்தார். மரியாதை கூடியது முகத்தில். "சரி, காம்பவுண்டுச் சுவரையும் சேத்துத் தந்திருதேன்."

"வேண்டாம்னு சொல்லுதேம்லா."

"அட, இருங்கக்கா. மேல என்ன செய்யணும்னு அண்ணாச்சிகிட்டயே பேசிக்கிடுதேன்" என்று சிரித்துக்கொண்டே எழுந்தார். இந்த அக்காவிடம் பேரம் படியாது, புருஷனிடம் படியும் என்று நினைத்துக்கொண்டு எழுந்த சிரிப்பு அது, அவளுக்குத் தெரிந்தது, வேண்டாம் என்று இன்னும் எந்த மொழியில் சொல்ல வேண்டும் என்றுதான் தெரியவில்லை.

கதவு திறந்தது. டீ குடித்த வாயைத் துடைத்துக்கொண்டு எல்லாரும் உள்ளே வந்தார்கள், வரி செத்த வீட்டுக்குத் துக்கம் கேட்க வருகிற முகத்தோடு. குமாஸ்தா சொன்னதும் கொம்பையா முதலில் நம்பவில்லை. "பன்னெண்டா? யாருவே பன்னெண்டு?" என்று எண்ணினான், நாற்காலியில் அவளைப் பார்த்தான், பலவேசத்தைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான். ஒரு வார்டு இரண்டு இடத்தில் எப்படி நின்றது என்று அவன் மூளைக்கு எட்டவில்லை. "பதினொண்ணு எங்ககூட டீ குடிச்சுதே!" என்று கத்தினான். பிரேமா வாயைப் பொத்திக்கொண்டாள். பலவேசத்தின் முகம் கறுத்தது, கம்பித் தடுப்பைத் தாண்டி வந்து அவள் முழங்கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார், அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனாள், வராந்தாவில் பூட்டிய கதவுக்கு முன்னால், பெண்கள் என்ற பலகைக்குக் கீழே நிறுத்தினார். அவர் பேசவில்லை. காறினார். வந்துவிட்டது, இனி இரண்டு மாதம், என்று அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் தங்கப்பழம் பின்னாலேயே வந்து அவர் தோளில் கையைப் போட்டுத் தூண் பக்கம் தள்ளிக்கொண்டு போய்க் காதில் என்னவோ சொன்னார். மராமத்து என்பது கேட்டது. சுவர் என்பது கேட்டது. "அக்கா என்னமாப் பேசுதாவ, ஒரு பேச்சுல காம்பவுண்டையும் வாங்கிட்டாவளே" என்பது நன்றாகக் கேட்டது. பலவேசத்தின் முதுகு மெல்ல மெல்லத் தளர்ந்தது, பிறகு அவர் திரும்பினார். கல்யாணமானதிலிருந்து அவள் மேல் அப்படி ஒரு பார்வையை அவர் பார்த்ததில்லை. முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"ஏட்டி, இவ்வளவு மூளைய எங்க வச்சிருந்த?" என்றார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் பாரு, கிறுக்குப் பயலாட்டம் டீ குடிச்சிட்டு நிக்கேன்."

அவள் சுவரிலிருந்து கையை எடுத்தாள். "அந்த வேலை நமக்கு வேண்டாம்" என்றாள். "நான் அதுக்காவ கை தூக்கல. பள்ளிக்கூடத்துப் பொம்பளப் பிள்ளைகளுக்குத் தண்ணி வரணும்னுதான் தூக்குனேன். சத்தியமா அதுக்குத்தான் தூக்குனேன்."

பலவேசம் ஒரு வினாடி அவளைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், தங்கப்பழமும் சிரித்தார், வராந்தா முனையில் நின்ற பியூனும் எதற்கென்று தெரியாமல் சிரித்தான்.

"கேட்டியளா தலைவரே? கேட்டியளா?" என்றார் பலவேசம், கண்ணில் வந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு. "கொம்பையா கேட்டாலும் சரி, பேப்பர்காரன் கேட்டாலும் சரி, இதையே சொல்லுட்டி. இதே மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்லு."